இன்சுலின் ஊசி வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்

வீட்டில் யாராவது குப்பியிலிருந்து இன்சுலின் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்களா? முதலில் அந்த ஊசியை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் 10 மில்லி குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின். அதற்குச் சிவப்பு மூடி ஊசி, யு-40 என்று அச்சிட்டிருக்கும். ஆரஞ்சு மூடி யு-100, அது மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஒன்றுக்கு ஒன்று மாற்றவே கூடாது.

எங்கள் அம்மாவுக்கு மாற்றித்தான் கொடுத்தார்கள். வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைதான். சிவப்பு மூடி ஸ்டாக் இல்லை என்று ஆரஞ்சு மூடியை எடுத்து வைத்தார் கடைக்காரர். வேற மாதிரி இருக்கே என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் ஊசிதாம்மா, கோடு பாத்துப் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவும் கோடு பார்த்துத்தான் போட்டார், காலையில் 20. யு-100 ஊசியில் 20 கோடு என்றால் 0.2 மில்லி, அந்தக் குப்பியிலிருந்து எடுத்தால் உடம்பில் ஏறுவது வெறும் 8 யூனிட்.

வெறும் வயிற்றில் 130, 140 என்று இருந்த சர்க்கரை 280க்குப் போனது, சாப்பிட்டபின் 380. பழி முழுக்க அம்மாவின் சாப்பாட்டின் மேல் விழுந்தது. இரண்டு இட்லியை ஒன்றாக்கினார், மதியச் சோற்றை ஒரு கரண்டிக்குக் குறைத்தார், சாயங்காலக் காப்பியையும் விட்டார், அப்படியும் இறங்கவில்லை, ராத்திரியெல்லாம் தாகம், தூக்கமே இல்லை. டாக்டர் அளவை 26 ஆக்கினார். கடைசியில் ஒரு நர்ஸம்மாதான் குப்பியையும் ஊசியையும் கொண்டுவரச் சொல்லி, எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள் என்றார். மூடியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருந்தது. கடையில் சிவப்பு மூடி வந்து, அம்மா அதில் அதே 26ஐப் போட்டிருந்தால் முழு 26ம் ஏறியிருக்கும், அதுவரை ஏறியதைப்போல் இரண்டரை மடங்கு, அதுவும் ஒரு இட்லி சாப்பிட்ட வயிற்றில். சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுந்திருப்பார். அதனால் ஊசி மாறியிருப்பது தெரிந்தால் நீங்களாக மாற்றிப் போடாதீர்கள். எந்த ஊசியில் எத்தனை கோடு போட்டோம் என்று டாக்டரிடம் உடனே சொல்லி, புது அளவைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை இறங்கி வியர்வை, கைநடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

கடையில் போய்க் கேட்டால், சீட்டில் ஊசி என்றுதானே இருக்கிறது என்கிறார். மீதி ஊசிக்குப் பணம் தந்தார், ஒரு மன்னிப்பு இல்லை. பில்லை வைத்து மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சீட்டிலும் இப்போது 'யு-40 ஊசி' என்றே டாக்டரிடம் எழுதி வாங்குகிறோம்.