தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலையா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1,75,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்து ரொக்கமாக எண்ணிக் கொடுத்த பணம். வாங்கியவர் இன்றும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த பையனுக்கு நேர்காணல் நடத்திக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அது. என் தம்பிக்குத் தட்டச்சு வேகம் பார்த்தார்கள், வீடியோவில் நேர்காணல் நடந்தது, முத்திரை குத்திய பணி ஆணையும் வந்தது. சுற்றுலாப் பயணியாகப் போகட்டும், அங்கே வேலை விசா மாற்றித் தருவார்கள் என்றார் பணம் வாங்கியவர். அம்மா தயங்கியபோது, "அம்மா, இவன் எனக்கும் தம்பிதான். இனி என் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நகை அடகுக்குப் போனது.

பாங்காக்கில் இறங்கியவனைக் காரில் ஏற்றி, எல்லை ஊரான மே சோட் வரை கொண்டுபோய், இரவோடு இரவாக மோய் ஆற்றைக் கடக்க வைத்து மியான்மரின் மியாவாடியில் ஒரு மோசடி முகாமில் அடைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முகம் தெரியாத முதியவர்களிடம் காதல் பேசிப் பணம் பறிக்க வேண்டும். மறுத்தால் மின் அதிர்ச்சி. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. தூதரகத்தின் உதவியால் உயிரோடு திரும்பினான்.

நிறுவனத்தில் கேட்டால், "விசா ஆலோசனை மட்டும்தான் சொன்னோம், ரசீதைப் பாருங்கள்" என்கிறார்கள். 1,75,000 ரூபாய்க்கும் "ஆலோசனைக் கட்டணம்" என்றுதான் ரசீது போட்டிருக்கிறார்கள்! காவல் நிலையத்திலோ, "விருப்பப்பட்டுத்தானே போனான்? இது பணத் தகராறு" என்று வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்த முகாம்களில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தது நாடறிந்த செய்தி. அதற்குப் பிறகும் ஒரு காவல் நிலையத்துக்கு இது அடிமைத்தனம் என்று தெரியவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் முகவரின் பதிவைப் பாருங்கள். பதிவு பெற்ற முகவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் வேலை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். புகாரில் பண மோசடி என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு, மனிதக் கடத்தல் என்று எழுதுங்கள். விருப்பப்பட்டுப் போனானே என்று கேட்டால், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று அதே பிரிவு சொல்வதைக் காட்டுங்கள்.