சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய டயர் லீவர் செட்: ஒரு வருடம் கழித்து

ஒரு அடி நீளத்தில் மூன்று டயர் லீவர் (ரிம்மிலிருந்து டயரை நெம்பிக் கழற்றவும் மாட்டவும் உதவும் நெம்புகோல்), ரிம்மில் மாட்ட இரண்டு பிளாஸ்டிக் காப்பு, வால்வு பின் கழற்றும் சின்னச் சாவி, ஒரு செயின் பிரஷ். எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ஹார்ட்வேர் கடையில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போன சித்திரையில் வாங்கினேன். இதுவரை ஒரு புது டயர், இரண்டு பஞ்சர், என் மச்சான் வண்டிக்கு ஒரு டயர் என்று நான்கு முறை கையில் எடுத்தாயிற்று.

வாங்கிய காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வீடு கன்னங்குறிச்சியில், வேலை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து அலுவலகத்தில். வாரத்தில் ஆறு நாள் காலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றம், சாயங்காலம் அதே இருபதும் இறக்கம். வண்டி 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். ஸ்போக் வீல், பின்னால் 110/90-18 அளவு, டியூப் டயர். முந்தின ஐப்பசியில் டவுனில் ஒரு கடையில் பின் டயர் மாற்றினேன். மூன்றாம் நாள் இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. நல்ல வேளை, மெதுவாகத்தான் வந்தேன். டியூபை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் கத்தியால் கீறியது போல ஒரு வெட்டு. டயரை ஏற்றும்போது லீவர் டியூபைக் கவ்வியிருக்கிறது. செயினையும் வீணைத் தந்தி மாதிரி இழுத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தச் சக்கரத்தை இனி நானே கழற்றி நானே மாட்டுவது என்று.

இந்த லீவர்களின் அருமை அவற்றின் முனையில் இருக்கிறது. கரண்டி போல லேசாக வளைந்து, மெலிந்து, ஓரம் மழுங்கி இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் பிசிறு தட்டாது. பல பஞ்சர் கடைகளில் பார்க்கும் தேய்ந்த இரும்புப் பட்டையோடு ஒப்பிட்டால் டியூபுக்கு இது எவ்வளவோ பத்திரம். நீளமும் சரியான நீளம். ஒரு அடி லீவரில் டயர் ஏறவில்லை என்றால் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை, டயரின் எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுக்குழியில் இறங்கவில்லை என்று அர்த்தம். இரண்டடி லீவர் கையில் இருந்தால் அது தெரியாமலே அழுத்தி எதையாவது கிழித்துவிடுவோம்.

கடையில் இருந்த பெரியவர் பணம் வாங்கும்போது சொன்னார்: "புது டயரை வெயில்ல போட்டு எடு கண்ணு, தானா இளகும். இழுக்காத, வழுக்க விடு." சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் போட்டு எடுத்தேன். அப்புறம் விளிம்பில் சோப்புத் தண்ணீர். அவர் சொன்னபடியே வழுக்கிக்கொண்டு இறங்கியது.

என் வேலை முறை இதுதான். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைக் கழற்றியதும் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குவேன். கழற்றும்போது வால்வு பக்கத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கத்தைக் குழிக்குள் மிதித்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது தலைகீழ்: வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் குறுக்கே நிற்பதால் விளிம்பு குழிக்குள் இறங்காது, அதனால் அந்த இடம் கடைசியில்தான் வர வேண்டும். டியூபுக்கு டால்கம் பவுடர் தடவி, உருவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வைத்தால் மடியாது, லீவர் வாயிலும் சிக்காது. கடைசி அரை அடி ஏறும்போது என் மனைவி எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்கு இன்னொரு ஆள் துணை அவசியம்.

டயர் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், டயரின் எடை குறைந்த இடம் அது. வாங்கும்போதே நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1225 என்றால் 2025-ஆம் வருடம் 12-ஆவது வாரம் செய்தது. காற்று அடித்த பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால்தான் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

செட்டில் ஏமாற்றம் அந்தப் பிளாஸ்டிக் காப்புகள். இரண்டாவது தடவையே ஒன்று பிளந்துவிட்டது. இப்போது பழைய தண்ணீர் கேனை வெட்டி வைத்துக்கொள்கிறேன், ரிம்மில் கீறல் விழவில்லை.

செயின் பிரஷ் மூன்று பக்கமும் கவ்வித் தேய்க்கிறது. மலைப்பாதை மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து பசையாகிவிடும், அதை இந்த பிரஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துவிடுகின்றன. ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்தது) உள்ளவர்கள் பெட்ரோலோ கம்பி பிரஷோ பயன்படுத்த வேண்டாம், ரப்பர் போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு செயின் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துணி சிக்கினால் விரல் போய்விடும். நியூட்ரலில் கையால் சுற்றினாலே போதும். வண்டி ஓடி வந்த சூட்டில், கீழ்ச் செயினின் உள்பக்கமாக செயின் லூப் (மசகு எண்ணெய்) அடித்து ராத்திரி முழுக்க விட்டால் காலையில் தெறிக்காது.

ஏற்காடு பாதையில் ஓட்டுபவர்கள் செயின் லூஸை அடிக்கடி பார்க்க வேண்டும். ஏறும்போது மேல் செயின் இழுபடும், இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக் பிடித்து இறங்கும்போது கீழ் செயின் இழுபடும். லூஸ் அதிகமானால் ஒவ்வொரு வளைவிலும் 'டக்' என்று அடி விழும். அந்த அடியைத் தாங்குவது பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர். சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். தேய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது வண்டி உதறும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் லூஸை அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் இருக்கும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் ஒரே அளவுக் கோட்டில் நிற்க வேண்டும். செயினின் இரு முனையையும் இணைக்கும் லாக் கிளிப் வைத்தது என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்கட்டும்.

ஆக்சில் நட்டை மட்டும் என் கைக் கணக்கில் விடுவதில்லை. அஸ்தம்பட்டியில் தெரிந்த மெக்கானிக்கிடம் டார்க் ரென்ச்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒரு தடவை இறுக்கிப் பார்த்துக்கொள்கிறேன். புது டயரோடு உடனே மலை ஏறவும் இல்லை. மேல்தோலின் வழவழப்பு போகும் வரை ஓமலூர் ரோட்டில் நேராகவே ஓட்டினேன்.

லீவரும் வால்வுச் சாவியும் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கின்றன, பிரஷ் நன்றாக இருக்கிறது, காப்பு வேண்டாம். லீவரை மட்டும் தனியாகக் கேட்டாலும் கொடுக்கிறார்கள், மூன்று 480 ரூபாய். இரண்டு போதும் என்று நினைக்காதீர்கள், மூன்றாவது இல்லாமல் முதல் பிடி நழுவிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை சாயங்காலமே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.