நடுவிலேயே அணைந்துபோகும் ஃபர்னஸ்: பல குளிர்காலப் பயன்பாட்டு அனுபவம்

டொரோண்டோ பகுதி வீடுகளில் இன்று பரவலாக உள்ள, 96 விழுக்காட்டுத் திறன் கொண்ட, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸைப் பல குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டு. அது நடுவில் நிற்கும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு பாதுகாப்பு சுவிட்ச்தான் நிறுத்துகிறது. எந்த சுவிட்ச் என்பதை, தீ பற்றி எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்ற கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பாகம் வாங்க ஓடுவதற்கு முன், கடிகாரத்தோடு பேஸ்மென்ட்டில் நின்று ஒரு முழுச் சுற்றைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் புகையை வெளியே இழுக்கும் இன்டியூசர் என்ற சின்ன விசிறி சுழலும். அதன் இழுவையை உணர்ந்து பிரஷர் சுவிட்ச் மூடும். அடுத்து தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சில நொடிகள் பழுக்கக் காயும், கேஸ் வால்வு திறக்கும், பர்னர்கள் பற்றும். அரை நிமிடம் போல் கழித்து, சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் பெரிய விசிறியான புளோவர் ஓடத் தொடங்கும். கன்ட்ரோல் போர்டில் ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன பொருள் என்ற அட்டவணை கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவதற்கு முன்பே சிமிட்டல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல போர்டுகளில் மின்சாரம் போனால் குறியீடும் போய்விடும்.

தீ பற்றி மூன்று நான்கு நொடியில் அணைந்து, மறுபடி பற்றி, மறுபடி அணைந்தால் முதலில் ஃபிளேம் சென்சரைப் பாருங்கள். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் குச்சி அது. தீயின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறதா என்று போர்டு பார்க்கும். நல்ல நிலையில் அது பொதுவாக 1 முதல் 6 மைக்ரோ ஆம்பியர் வரை இருக்கும். குச்சியில் வெண்படலம் படிந்தால் ஓட்டம் குறைந்து, தீ எரிந்தாலும் எரியவில்லை என்றே போர்டு முடிவுகட்டி கேஸை மூடிவிடும். சில முறை முயன்ற பின் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பூட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. மின்சாரத்தையும் கேஸ் வால்வையும் மூடுங்கள். பெரும்பாலும் 1/4 அங்குலத் தலை கொண்ட ஒரே திருகுதான். ஒற்றை வயரைக் கழற்றி, பீங்கான் பகுதி உடையாமல் குச்சியை வெளியே எடுங்கள். மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முரட்டு மணல்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் படலம் இன்னும் வேகமாகப் படியும். பக்கத்திலுள்ள இக்னைட்டரைத் தொடாதீர்கள், எளிதில் உடையும். சுத்தம் செய்த சில வாரங்களிலேயே கோளாறு திரும்ப வந்தால் குச்சியை விட்டுவிட்டு, ஃபர்னஸின் எர்த் இணைப்பையும் பர்னர் துருவையும் பாருங்கள். எர்த் தளர்ந்திருந்தால் புதுச் சென்சரும் வேலை செய்யாது.

ஐந்து பத்து நிமிடம் நன்றாக எரிந்த பின் தீ மட்டும் அணைந்து, புளோவர் தொடர்ந்து ஓடுகிறதா? அது ஹை லிமிட் சுவிட்ச். தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, காற்று போதவில்லை என்று பொருள். முதல் சந்தேகம் ஃபில்டர்மேல்தான். மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு; 1 அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மெர்வ் 8 போட்டு, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது மேல். நுண்தூசியையும் பிடிக்க வேண்டுமென்றால் 4 அங்குல ஃபில்டருக்கான பெட்டியைப் பொருத்துங்கள். வீட்டுக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் ரிட்டர்ன் கிரில் சமையலறைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு தூசியோடு சேர்ந்து ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டவர்கள் ஆளில்லாத அறைகளின் வென்ட்களை மூடி வைப்பதும் இதே கோளாறில்தான் முடியும்.

ஃபில்டர் புதிது, வென்ட்கள் திறந்திருக்கின்றன, இருந்தும் அணைகிறதென்றால் பத்து நிமிடம் ஓடிய பின் ரிட்டர்ன் காற்றின் வெப்பத்தையும் வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து கழியுங்கள். பெயர்த்தகட்டில் 35–65 ஃபாரன்ஹீட் டிகிரி என்பதுபோல ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். வித்தியாசம் அதைத் தாண்டினால் புளோவர் சக்கரத்தில் அழுக்கு, வலுவிழந்த கெபாசிட்டர், மேலே உட்கார்ந்திருக்கும் ஏசி காயிலில் அடைப்பு என்று தேட வேண்டும். லிமிட் சுவிட்சையே மாற்றுவது கடைசி வழி.

இன்டியூசர் சுழன்றும் தீயே பற்றாவிட்டால் பிரஷர் சுவிட்ச் பக்கம் திரும்புங்கள். பெரும்பனிக்குப் பின் காற்றை உள்ளிழுத்துப் புகையை வெளிவிட வீட்டுச் சுவரிலுள்ள இரண்டு வெள்ளை பி.வி.சி. குழாய்களைப் பனி மூடியிருக்கலாம். இவ்வகை ஃபர்னஸ் குளிர்நாளில் லிட்டர் கணக்கில் நீரை வெளியேற்றும். அந்த நீர் வடியும் வழியிலுள்ள, நீர் தேங்கி நிற்கும் டிராப் என்ற சிறு பாகத்தில் வழவழப்பான கசடு அடைந்தால் நீர் பின்வாங்கி, இன்டியூசரின் இழுவை கெடும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் டிராப்பைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அலசி, திரும்ப நீர் நிரப்பிப் பொருத்துங்கள். பிரஷர் சுவிட்சுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசலோ நீர்த்துளியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரஷர் சுவிட்சை வயரால் இணைத்து ஏமாற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள். புகை வெளியேறாதபோது கேஸைத் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

ரோல்அவுட் சுவிட்ச் துள்ளியிருந்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் ஓட்டக் கூடாது. தீ பர்னர் பெட்டிக்கு வெளியே வந்திருக்கிறது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 911ஐக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், வீடு சட்டென்று சூடாகி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் ஃபர்னஸ் வீட்டுக்கு அளவில் பெரியது. மைனஸ் 20 செல்சியஸ் டிகிரி இரவில் அது கிட்டத்தட்ட நிற்காமல் ஓடுவதுதான் சரி. அடுத்த முறை வாங்கும்போது பழைய இயந்திரத்தின் வெப்பத் திறனைக் காட்டும் பி.டி.யூ. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள விடாமல், சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடியத் தர முறைப்படி வெப்ப இழப்புக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.