டிஎல்சி பரிசு: ஸ்கிரீன்ஷாட்டா, நேரடி கிஃப்டா?

போன தீபாவளிக்கு எங்கள் ஸ்டீம் (கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடை) நண்பர்கள் குழுவில் ஒரு கிவ்அவே, அதாவது இலவசப் பரிசுப் போட்டி, வைத்தேன். பரிசு, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 கேமுக்கான ஸ்காண்டிநேவியா டிஎல்சியின் (கேமோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) கீ, அதாவது அதைத் திறக்கும் குறியீடு. ஜெயித்தவரிடம் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. கீ கைமாறிப் போனது பிறகுதான் தெரிந்தது.

ஜெயித்தவரிடம் அது இல்லை என்று முன்கூட்டியே எப்படி உறுதிசெய்வது? ஸ்டீம் ஏபிஐயை (புரோகிராம்கள் ஸ்டீமிடம் தகவல் கேட்கும் வழி) கேட்கலாமே என்பார்கள். எந்தெந்த கேம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஆடினார் என்றெல்லாம் சொல்லும். டிஎல்சி பற்றி வாயே திறக்காது. ப்ரொஃபைலைப் பூட்டி வைத்திருந்தால் அதுவும் கிடைக்காது.

அடுத்தது, ஜெயித்தவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்பது. நான் ஏமாந்தது இதில்தான். ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று காட்டுவது சுலபம், இல்லை என்று எப்படிக் காட்டுவது? லாகின் செய்யாமல் ஸ்டோர் பக்கத்தைத் திறந்தால் யாருக்கும் 'கார்ட்டில் சேர்' பொத்தான்தான் தெரியும். பெயர் தெரியும்படி எடுங்கள் என்றால் இரண்டாவது அக்கவுண்டிலிருந்து படம் வரும். எஃப்12 தட்டி பிரவுசரில் எழுத்தையே மாற்றுகிறவர்களும் உண்டு.

இதில் முக்கியமானது ஒன்று. ஏற்கெனவே உள்ள டிஎல்சியின் கீயைப் போட்டால், 'இது உங்களிடம் இருக்கிறது' என்று ஸ்டீம் சொல்லிவிடும், ஆனால் கீ செலவாகாது. அப்படியே உயிரோடு இருக்கும், விற்கலாம். இல்லாதவர்போல நடிக்க ஆசை வருவதே இதனால்தான்.

அதனால் இப்போது நேரடி கிஃப்ட்தான் அனுப்புகிறேன். 2017-க்குப் பிறகு ஸ்டீமில் கிஃப்டை வாங்கி இன்வெண்டரியில் பதுக்கி வைக்க முடியாது, நேராக நண்பரின் அக்கவுண்டுக்கே போகும். வாங்கும்போது வரும் நண்பர் பட்டியலில், ஏற்கெனவே வைத்திருப்பவரின் பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் துருவித் துருவிக் கேட்க வேண்டிய வேலையே இல்லை. அவர் வேண்டாம் என்று மறுத்தால் பணம் எனக்கே திரும்பிவிடும். விற்பதற்கு அவர் கையில் எதுவும் சிக்காது.

குறை இல்லாமல் இல்லை. ஜெயித்தவரை நண்பராகச் சேர்க்க வேண்டும். அவர் நாட்டு விலைக்கும் நம் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்டீம் அனுப்பவே விடாது. பண்டிலில் (பல கேம்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பில்) கிடைத்த கீயை கிஃப்டாக மாற்றவும் வழியில்லை. நான் நடத்தியதெல்லாம் பத்திருபது பேர் கூட்டம்தான். ஆயிரம் பேர் வருகிற இடத்தில் இது தாங்குமா என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

மிச்சமிருக்கும் இரண்டு கீக்கு மட்டும் ஸ்கிரீன் ஷேர். லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஎல்சி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறக்க வேண்டும்.