கானாவில் ஒரு பள்ளி ஆண்டு: விடுதியா, வீடா?

மகள் ஒரு பள்ளி ஆண்டைக் கானாவின் குமாசி நகரத்தில் பரிமாற்ற மாணவியாக முடித்துவிட்டு வந்திருக்கிறாள். முதல் பருவம் பள்ளி விடுதியில் இருந்தாள். மிச்ச நாளெல்லாம் ஒரு குடும்பத்தோடு தங்கி அதே பள்ளிக்குப் போய்வந்தாள். இரண்டையும் பார்த்தாயிற்று என்பதால், யார் கேட்டாலும் வீடு என்றுதான் சொல்கிறேன். அதற்காக விடுதியை மட்டம்தட்டவும் மனம் வரவில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை, கொசுவலை எல்லாம் இரண்டுக்கும் பொது. பாடமும் ஆங்கிலத்தில்தான். அவற்றை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

கானாவில் அரசு மேல்நிலைப் பள்ளி பெரும்பாலும் விடுதியோடுதான் இருக்கும். 2017-ல் கட்டணத்தை நீக்கியதும் கூட்டம் தாங்காமல், மறு ஆண்டே மாணவர்களை இரு பிரிவாக்கி மாற்றி மாற்றி வரவழைத்தார்கள். விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு டிரங்குப் பெட்டியும், 'சாப் பாக்ஸ்' என்ற பூட்டுப்போட்ட மரப்பெட்டியும் வேண்டும். மரப்பெட்டிக்குள் தின்பண்டம்: மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுத்த 'காரி', சர்க்கரை, பால் பவுடர், 'ஷிட்டோ'. ஷிட்டோவைக் கருவாட்டுத்தூள் போட்ட மிளகாய்த் தொக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரவுப் படிப்பு முடிந்து பசித்தால் காரியில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து சாப்பிடுவார்கள். மகள் தன் பெட்டியைத் திறந்த அன்றே தோழிகள் சேர்ந்துவிட்டார்கள். இன்றும் அவள் பேசிக்கொண்டிருப்பது அவர்களோடுதான். இது வீட்டில் கிடைக்காது.

கட்டுப்பாடுகளும் உண்டு. கைபேசி கூடாது, வெளியே போக 'எக்சியாட்' சீட்டு வேண்டும். பல அரசுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளும் முடியை ஒட்ட வெட்ட வேண்டும். 2021-ல் அச்சிமோட்டா பள்ளி, சடைமுடியைச் சமய நெறியாக வைத்திருக்கும் ராஸ்டஃபாரி மாணவர்களைச் சேர்க்க மறுத்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. என் மாமியார் மலேரியாவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, பேத்தியின் பின்னலைப் பற்றித்தான். நல்லவேளை, வெளிநாட்டு மாணவி என்று விட்டுவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் பழகிவிடும். எங்கள் மனதை மாற்றியது விடுமுறை. பருவம் முடிந்தால் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். மற்ற பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். நம் பிள்ளை எங்கே போகும்? ஏற்பாடு செய்த அமைப்பு ஒரு வீட்டைக் காட்டும். விண்ணப்பத்தில் அது ஒற்றை வரி, நாங்கள் கவனிக்கவே இல்லை.

அதுவரை முகம் பார்த்திராத வீட்டில் விருந்தாளியாகப் போய் இறங்கினாள். தனித்தட்டில் சோறு, நல்ல நாற்காலி, எந்த வேலையும் தரவில்லை. வேலை தராத வீட்டில் பேச்சும் நீளாது. இரண்டு வாரம் கழித்துத்தான், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டுச் செய்யும் ஃபுஃபுவை இடிக்கும்போது பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் நின்று இடிப்பார், உலக்கை மேலே போகும் இடைவெளியில் இன்னொருவர் கையை விட்டு மாவைப் புரட்ட வேண்டும். விருந்தாளியிடம் தருகிற வேலையா அது? அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது பள்ளி திறந்துவிட்டது.

மறுபடி விடுதிக்குப் போயிருந்தால் அடுத்த விடுமுறையில் பழையபடி விருந்தாளிதான். ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் விடுதி பூட்டிக்கிடக்கும் வாரங்கள் கொஞ்சமல்ல. எப்படியும் ஒரு வீடு தேவை என்னும்போது அதை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

அவளே கேட்டு அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவது அங்கே வழக்கம்; செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்பதால் 'அபெனா' ஆனாள். சனிக்கிழமை கறுப்பும் சிவப்பும் உடுத்திச் சாவுச் சடங்கு, ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்கில் தேவாலயம். இடதுகையால் எதையும் நீட்டக்கூடாது என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு, அந்தப் பக்கத்தில் பேசும் ட்வி மொழியும் வந்தது.

வீட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. காலையில் ட்ரோட்ரோ வேன் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், அதனால் பள்ளிக்குத் தாமதமானது உண்டு. 'டும்சோர்' என்று அவர்கள் சொல்லும் மின்வெட்டு நம்மவர்களுக்குப் புதிதல்ல. அப்புறம், வீடு அமைவது அதிர்ஷ்டம். அவளோடு போன இன்னொரு பெண் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்தது. நான் பேசுவது ஒரு பெண்பிள்ளை, ஒரு குமாசி வீடு என்ற அளவில்தான். பையன்கள் விடுதி பற்றியோ வடக்கே தமாலே பக்கம் பற்றியோ என்னைக் கேட்காதீர்கள்.

விடுதிதான் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், விடுமுறை வீடு எது என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். மாதம் ஒரு வார இறுதியாவது அங்கே போய்வர எக்சியாட் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அந்த மரப்பெட்டியை மகள் கொண்டுவரவில்லை. அந்த வீட்டுச் சின்னப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த ஆண்டு அவள் விடுதிக்குப் போகிறாளாம்.