வாட்டர்ப்ரூஃப் மெத்தை உறை: ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை, ஆனாலும் வாங்காதீர்கள்

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் லிங்க் ஒன்றை அனுப்பி, "அண்ணே, உங்க வீட்ல இருக்கிறது இதுதானே, பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கிரட்டுமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு மூன்று வயதில் ஒரு பையன். ராத்திரியில் தலை, முதுகெல்லாம் வியர்வையில் நனைந்து போகிறதாம், காலையில் படுக்கையில் புளித்த வாடை வருகிறதாம். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டு முடிக்கிற விஷயமில்லை இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இதே தொல்லை இருக்கிற வேறு வீடுகளுக்கும் பயன்படட்டும்.

எங்கள் வீட்டில் அந்த உறை இரண்டு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எதற்காக வாங்கினோமோ அந்த வேலையை அது ஒருநாளும் கைவிட்டதில்லை. பாப்பாவுக்கு டயப்பர் நிறுத்திய சமயத்தில் விடியற்காலையில் படுக்கை குளமாகிக் கிடக்கும், விரிப்பையும் உறையையும் உருவிவிட்டுப் பார்த்தால் கீழே ஃபோம் மெத்தை வாங்கின அன்று இருந்த மாதிரி காய்ந்தே இருக்கும். சிறுநீர் இறங்கிய ஃபோமை என்ன செய்தும் சரிசெய்ய முடியாது. துவைக்க முடியாது, நாள் முழுக்க மாடியில் போட்டாலும் நடுப்பகுதி காயாது, வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகிப் பொடிய ஆரம்பிக்கும். எங்களுக்கு அந்தச் செலவு வரவில்லை என்றால் இந்த உறைதான் காரணம். எலாஸ்டிக் இன்னும் தளரவில்லை, பாப்பா மேலே ஏறி எவ்வளவு குதித்தாலும் மூலை கழன்று வருவதில்லை, அந்தக் காலத்து ரப்பர் ஷீட் மாதிரி புரளும்போது சத்தமும் இல்லை.

இத்தனையும் உண்மை. ஆனால் எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அதற்குக் காரணம் வியர்வை.

எங்கள் பாப்பாவுக்குத் தூங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் வியர்த்துக் கொட்டும். அப்போதுதான் தலைக்குக் குளிப்பாட்டிய மாதிரி முடி ஒட்டிக்கொண்டிருக்கும், பின்கழுத்தும் முதுகும் சொதசொதவென்று இருக்கும், நள்ளிரவு தாண்டினால் தானாக அடங்கிவிடும். பயந்து போய்க் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா, கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா, மூச்சு முட்டி எழுகிறாளா என்று கேட்டார், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருந்தாலும் பிள்ளைகளுக்கு ராத்திரி வியர்க்குமாம். எதுவும் இல்லை என்றதும்தான், சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தின் முதல் பகுதி ரொம்ப ஆழமானது, அந்த நேரத்தில் இப்படி வியர்ப்பது சகஜம், உடம்போடு பார்த்தால் தலை பெரிது, வியர்வைச் சுரப்பிகளும் பெரியவர்களைவிட நெருக்கமாக இருக்கும் என்று விளக்கினார். "வேர்க்கட்டும் சார், அது காய வழி பண்ணுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பி, உங்கள் பையனுக்கு மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் மெத்தை பற்றிய யோசனையை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

காய வழி பண்ணுங்கள் என்றார் இல்லையா, அந்த வழியைத்தான் இந்த உறை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

பெட்டியில் 'காற்றோட்டமானது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அதை முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். மேலே டவல் மாதிரி டெர்ரி துணி, அடியில் மெல்லிசாக ஒரு பாலியூரித்தேன் படலம். அந்தப் படலம் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் ஆவி ஈரமான பக்கத்திலிருந்து உலர்ந்த பக்கத்துக்குத்தான் போகும், உலர்ந்த பக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். சென்னையில் ஆடி, ஆவணி ராத்திரியில் அது எங்கே இருக்கிறது? படலத்துக்குக் கீழே ஃபோம், அதை அமுக்கிக்கொண்டு பிள்ளையின் உடம்பு, சுற்றிலும் கடல் காற்றின் ஈரம். வியர்வை டெர்ரி துணியிலேயே நிற்கிறது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களுக்கு இது புரியும், வெளியிலிருந்து நனைய மாட்டோம், உள்ளே இருந்தே நனைந்துவிடுவோம்.

ஏசியைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்கும்படி மத்திய அரசு விதி போட்டிருக்கிறது, எங்கள் வீட்டு ஏசியும் அப்படித்தான், நாங்கள் 26-ல் வைத்து மின்விசிறியையும் ஓட விடுவோம். 24-க்கு இறக்கிப் பார்த்தால் பிள்ளையின் கை கால் சில்லிட்டுப் போகிறது, போர்வையை இழுத்துக்கொள்கிறாள், முதுகைத் தொட்டால் அதே ஈரம். ஏசிக் காற்று படுவது மேல்பக்கம், வியர்த்து நிற்பது மெத்தையோடு ஒட்டிய பக்கம். அங்கே காற்றே போகாதபோது எத்தனை டிகிரி வைத்து என்ன பயன்?

அடுத்தது வாடை. என்னை நிஜமாகவே படுத்தி எடுத்தது இதுதான்.

வியர்வைக்குச் சுரக்கும்போது வாடை கிடையாது, அதுவும் இந்த வயதுப் பிள்ளைகளின் வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். துணியில் ஈரம் நின்றால் அங்கே பாக்டீரியா பெருகும், புளித்த வாடை அதிலிருந்து வருவது. நம் வீடுகளில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வேறு வைக்கிறோம், அது தலையணை உறையிலும் விரிப்பின் மேல்பகுதியிலும் ஊறி ஒரு சிக்கு வாடையைக் கொடுக்கும். சிறுநீர் வாடை தனி, மூக்கில் சுருக்கென்று ஏறும், அம்மோனியா. இந்த மூன்றையும் பிரித்து அறிவது முக்கியம், ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீரும் சோப்பும் வேண்டும். சிறுநீரை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும், காயவிட்டால் போச்சு. வியர்வை வாடைக்குச் சூடும் வெயிலும்.

சூட்டையும் வெயிலையும்தான் இந்த உறை தாங்காது! லேபிளைப் படித்தேன்: 40 டிகிரிக்கு மேல் வெந்நீர் கூடாது, ப்ளீச் கூடாது, அயர்ன் கூடாது, நேர் வெயிலில் காயப்போடக் கூடாது. வாடையைப் போக்க நம் வீடுகளில் காலம்காலமாகச் செய்கிற அத்தனையும் அந்தப் படலத்துக்கு ஆகாது, மீறினால் அது துணியிலிருந்து உரிந்து வெடித்துவிடும். சரி, வாஷிங் மெஷினில் போடலாம் என்றால் அங்கேயும் ஒரு கூத்து. நீர் புகாத துணி என்பதால் உறை சுழலும்போது பை மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஒரு பக்கம் கனம் ஏறி டிரம் தடதடவென்று ஆடும். மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், நீர் புகாத துணிகளைப் போட்டுச் சுழல விடாதீர்கள் என்ற எச்சரிக்கை பலவற்றிலும் இருக்கும். அதனால் பக்கெட்டில் முக்கிக் கையால் அலசிப் பிழியாமல் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பால்கனியில் அது காய இரண்டு நாள் ஆகும், காய்வதற்குள் ஈரவாடை தனியாகச் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனித்தேன். துவைத்துக் காய்ந்த பிறகு மோந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது, சோப்பு வாசனைதான் வரும். திருப்தியாக விரித்துவிட்டுப் படுப்போம். பாப்பாவுக்கு வியர்த்ததும், ஈரம் பட்ட இடத்திலிருந்து அதே பழைய வாடை எழும். டெர்ரி என்று சொல்வது முழுப் பருத்தி இல்லை, பாலியஸ்டர் கலந்தது, பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வாடையும் அதோடு தங்கும். வாசனைக்காகக் கடைசி அலசலில் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், அது நூலின்மேல் பசையாகப் படிந்து துணி ஈரத்தை உறிஞ்சுவதையே குறைத்துவிடும். வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்களும் வேண்டாம், ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். எங்களுக்கு ஓரளவு கேட்டது வெதுவெதுப்பான தண்ணீரில் வாஷிங் சோடாவும் சோப்புத்தூளும் போட்டு அரை மணி நேரம் ஊற வைப்பது. ஓரளவுதான்.

என் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தபோது முதல் நாள் ராத்திரியே உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளைய ரப்பர்ல கிடத்திட்டு வேர்க்கு வேர்க்குன்னா எப்படில?" என்று கேட்டாள். உடம்புச் சூடு என்றும் சொன்னாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு என்றாள், அதை நான் ஏற்கவில்லை. ரப்பர் விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி. அடுத்த முறை வரும்போது பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தாள். பட்டுப்பாய் இல்லை, சாதாரணப் படுக்கைப்பாய். தரையில் அதை விரித்து, மேலே அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டுப் பாப்பாவைப் படுக்க வைத்தாள்.

வியர்வை நிற்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தலை அன்றும் நனைந்தது. ஆனால் முதுகில் அந்தச் சொதசொதப்பு இல்லை, கோரைக்கு இடையிலும் பாய்க்கு அடியிலும் கொஞ்சமாவது காற்று போகிறது, வேட்டித் துணி ஈரத்தை வாங்கி வாங்கிக் காயவிடுகிறது. காலையில் வேட்டியை உருவி வெந்நீரில் முக்கிக் கொடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும், வேண்டுமானால் கொதிக்க வைக்கலாம், அயர்ன் போடலாம், கிழிந்தால் தரை துடைக்கலாம். பாயை ஈரத்துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிக்கு இணையாக நான் காசு கொடுத்து வாங்கிய எந்த விரிப்பும் இல்லை, பிள்ளையின் தோலுக்கு இதமாக இருப்பது அதுதான்.

பாயிலும் குறை உண்டு. பிள்ளை அதில் சிறுநீர் கழித்துவிட்டால் கோரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த வாடை எளிதில் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் சுருட்டி மூலையில் வைத்தால் பூஞ்சை பூக்கும். பெரியவர்களுக்கு இடுப்பு வலிக்கும். இலவம்பஞ்சு மெத்தையையும் பலர் சொல்வார்கள். போடியிலிருந்து வரும் பஞ்சில் சின்னதாக ஒன்று தைத்து வாங்கிய சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன், அந்த நூலிழை உள்ளே கூடாக, மேலே மெழுகுத்தன்மையோடு இருப்பதால் ஈரத்தை அவ்வளவாகப் பிடிக்காது, வெயிலில் போட்டால் புசுபுசுவென்று எழும்பிவிடும். ஆனால் வீசிங் இருக்கிற பிள்ளைக்குப் பஞ்சுத்தூசி ஆகுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உறைக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை, கிழியவில்லை, தளரவில்லை. விலையோடு வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. இருந்தும் இன்னொரு தடவை வாங்க மாட்டேன், உங்களையும் வாங்கச் சொல்ல மாட்டேன். பிள்ளை படுக்கையை நனைப்பது என்றைக்கோ ஒருநாள், வயது ஏற ஏற அதுவும் குறையும். வியர்ப்பது தினமும். என்றைக்கோ ஒருநாள் வருவதற்காகத் தினமும் பிள்ளையை ஈரத்தில் படுக்க வைக்க எனக்கு மனசில்லை. காய்ச்சல் வந்தால், வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால், ராத்திரி தர்பூசணி நிறையத் தின்றுவிட்டால் இன்னும் அதை எடுத்துப் போடுகிறோம், மற்ற நாட்களில் அலமாரியில் இருக்கிறது.

உங்கள் பையன் இன்னும் நனைக்கிறான் என்றால் ஒரு வழி சொல்கிறேன். முழு மெத்தைக்குமான உறை வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு விற்கும் சின்ன வாட்டர்ப்ரூஃப் துண்டு ஒன்று வாங்கி, இடுப்பு வருகிற இடத்தில் மட்டும் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். மேலே பருத்தி விரிப்பு. வியர்ப்பது தலையும் முதுகும், நனைவது இடுப்புக்குக் கீழே, பிள்ளை உருண்டு உருண்டு படுத்தாலும் பாதி நாளாவது முதுகு காய்ந்திருக்கும். தலைமாட்டில் பழைய வேட்டித் துண்டை மடித்துப் போட்டு, தினமும் மாற்றிவிடுங்கள்.