வில்லிஸ் ஜீப்பின் சைடு வால்வ் என்ஜின்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

"கழற்றிப் போட்டுட்டு டீசல் என்ஜின் வைங்க சார்" என்று சொல்லாத மெக்கானிக் கோவையில் இல்லை. மிஞ்சியிருக்கும் பழைய ஜீப்புகளில் பலவும் அப்படி மாறியவைதான். நான் என் வில்லிஸ் சிஜே-3ஏ மாடல் ஜீப்போடு வந்த 2199 சிசி 'கோ டெவில்' பெட்ரோல் என்ஜினையே புதுப்பித்து ஓட்டுகிறேன். எனக்குத் திருப்திதான், ஆனால் எல்லாருக்கும் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

சைடு வால்வ் என்பதால் வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருக்கின்றன, அதனால் இதன் ஹெட் வெறும் இரும்பு மூடி. ராக்கர் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) எதையும் தொடாமல் தூக்கிவிடலாம். பழைய என்ஜின் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று, விரிசலைக் காட்டும் சாயம் (டை) பூசிப் பாருங்கள். இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மற்றதைச் சமாளிக்கலாம். சிலிண்டர் போர் (உட்துளை) தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன், சீட் தேய்ந்திருந்தால் கிரைண்டிங். நம்ம ஊரில் லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? நாள்பட நின்ற வண்டியில் வால்வ் தண்டு இறுகியிருக்கும். சுத்தியலைத் தூக்காமல் டீசல் ஊற்றி ஊறவிடுங்கள்.

சூடுதான் பெரிய தலைவலி. எரிந்த வாயு பிளாக்குக்குள்ளேயே வளைந்து வெளியேறுவதால் அந்த வெப்பத்தையும் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். சிலிண்டருக்கு போர் போடும்போதே, பிளாக்கின் பக்கத்து ஓட்டைகளை அடைக்கும் வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே படிந்திருந்த துருச்சேற்றைக் கம்பியால் கிளறி வெளியேற்றினோம். புது ரேடியேட்டர் கோரைவிட அதுதான் அதிகப் பலன் தந்தது. இப்போது கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில், இரண்டாம் கியரில் நிதானமாகப் போனால், டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. இருப்பது 60 குதிரைசக்தி. பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஓஸும் ஊறிப்போய்க் கசிந்தன. எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். மிக்சர் லீனானதால் (காற்றோடு ஒப்பிட எரிபொருள் குறைந்ததால்) கார்புரேட்டர் ஜெட்டையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். கம்ப்ரஷன் விகிதம் 6.48:1தான், அதனால் ஆக்டேன் கவலை கிடையாது.

டேப்பட் கேப் (வால்வுக்கும் டேப்பட்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி) என்ஜின் ஆறியிருக்கும்போது 0.016 அங்குலம். மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்துச் செய்கிற வேலை, அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். மைலேஜ்? லிட்டருக்கு 7 கிலோமீட்டர் வந்தால் நல்ல நாள். ஹெட் கேஸ்கெட் கண்ணில் பட்டால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துவிடுங்கள்.